எண்பத்தஞ்சு எழுத்துக்குள்ள பேசணுமா? தமிழ் விக்கிப்பீடியாவை வெச்சு பிஎச்பி படிக்கலாம் வாங்க

மினி ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. ஜூனியர்ஸ் யாரைக் கேட்டாலும் பாதிப் பேர் "பிஎச்பி, மைசீக்வெல்ங்க" என்கிறார்கள். அப்ஸ்ட்ராக்டில் "யூசர் இன்டராக்ஷன் மாட்யூல்" என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கும். கமெண்ட், லைக், எடிட், நோட்டிஃபிகேஷன் என்று மனுஷங்க உங்க தளத்துக்குள்ள வந்து செய்கிற எல்லாமே அந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ரிவ்யூ அன்னிக்கு ஒரே லேப்டாப்பில், ஒரே ஆள், "ஹாய்", "டெஸ்ட்" என்று டைப் பண்ணிக் காட்டினால் எல்லாம் அழகா ஓடும். நிஜ ஆளுங்க ரெண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து தமிழில் எழுத ஆரம்பிச்சாத்தான் உள்ளே என்ன இருக்குன்னு தெரியும். அப்போ காணாமப் போவது அவங்க அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதின எழுத்துங்க.

இதைப் படிக்க டுடோரியல் வீடியோவை விட நல்ல இடம் ஒண்ணு இருக்கு: தமிழ் விக்கிப்பீடியா. 2003-ல் தொடங்கி 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தளம். அதை ஓட்டுகிற சாஃப்ட்வேர் மீடியாவிக்கி, முழுக்க பிஎச்பியில் எழுதினது. பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் மரியாடிபி, மைசீக்வெல்லின் பங்காளி. சோர்ஸ் கோடு, டேபிள் டிசைன் எல்லாம் திறந்தே கிடக்கிறது.

கொஞ்சம் பழைய கதை. 2001-ல் ஆங்கில விக்கிப்பீடியா ஆரம்பிச்சப்போ அது யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் புரோகிராமில் ஓடியது. டேட்டாபேஸே கிடையாது, கட்டுரைகள் சாதா ஃபைல்களில் கிடந்தன. கூட்டம் சேரச் சேர அது திணறியது. மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மன் மாணவர் பிஎச்பியும் மைசீக்வெல்லும் வைத்துப் புதிதாக எழுதித் தந்தார். 2002 ஜனவரியில் அதற்கு மாறினார்கள். அதுவும் திணற, அதே வருஷம் ஜூலையில் லீ டேனியல் க்ராக்கர் மறுபடி எழுதினார். இன்றைய மீடியாவிக்கி அதிலிருந்து வளர்ந்தது. ஆக, ஒரு மாணவர் எழுதின பிஎச்பி ப்ராஜெக்ட்தான் இதன் தாத்தா. நம்ம ப்ராஜெக்டை நாமே கேவலமா நினைக்க வேண்டியதில்லை.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது, கூடவே தமிழ் இணைய மாநாடும். அதையொட்டி தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்காக விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது. நாம அப்போ சின்னப் பசங்க. நம்ம மாதிரி காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் மொத்தமா உள்ளே போய் எழுதின காலம் அது.

பாடத்துக்கு ஒரு சின்ன தளத்தை மனசில் வெச்சுக்கலாம். கோவைக் குளங்களைப் பற்றி ஊர்க்காரங்களே எழுதுகிற தளம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர் குளம் என்று ஆளுக்கொரு பக்கம். யாரும் வந்து திருத்தலாம், பேசலாம். கோடை வரிக்கு வரி இங்கே ஒட்டவில்லை. ஒட்டினால் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், எனக்கும் தெரியும். லாஜிக்கைச் சொல்றேன், கையால் டைப் பண்ணுங்க.

அப்டேட் பண்ணாதீங்க, இன்சர்ட் பண்ணுங்க

எடிட் பட்டன் வைக்கச் சொன்னா நம்மில் பெரும்பாலானோர் செய்வது இது: "குளம்" என்று ஒரு டேபிள், அதில் பெயர், விவரம், கடைசியாக மாற்றியவர். யாராவது சேவ் அமுக்கினா ஒரே ஒரு அப்டேட் குவெரி. முடிஞ்சது கதை, பழைய விவரமும் முடிஞ்சது. ஒரு பெரியவர் வாலாங்குளத்துக்குத் தண்ணி எந்த வாய்க்கால் வழியா வந்ததுன்னு நாலு பத்தி எழுதியிருப்பார். அடுத்து வந்தவன் எல்லாத்தையும் அழிச்சிட்டு "சூப்பர்" என்று போட்டால், அந்த நாலு பத்தியை யாராலும் மீட்க முடியாது.

மீடியாவிக்கியில் ஒரு கட்டுரையின் உரையை அப்டேட் பண்ணுகிற வேலையே இல்லை. பக்கத்துக்கு ஒரு டேபிள், திருத்தத்துக்குத் தனியா ஒரு டேபிள். பக்கம் டேபிளில் அடையாள எண், தலைப்பு, கடைசித் திருத்தத்தின் எண், இவ்வளவுதான் முக்கியம். ஒவ்வொரு சேவுக்கும் திருத்தம் டேபிளில் புது ரோ ஒண்ணு சேரும்: எந்தப் பக்கம், யார், எப்போ, இதற்கு முந்தைய திருத்தம் எது. உரை இன்னும் தள்ளி வேறு டேபிளில். பிறகு பக்கம் டேபிளில் "கடைசித் திருத்தம்" என்ற ஒரு எண் மட்டும் மாறும்.

உரையை ஏன் தள்ளி வைக்கணும்? வரலாறு பக்கத்தைத் திறந்தா ஐம்பது திருத்தங்களின் பட்டியல் வேணும்: யார், எப்போ, ஏன். அதற்கு ஐம்பது முழுக் கட்டுரைகளையும் இழுத்து வரத் தேவையில்லை. திருத்தம் டேபிள் ஒல்லியா இருந்தா பட்டியல் சட்டுனு வரும். "இப்படி எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா இடம் போதுமா?" என்று ரிவ்யூவில் கேட்பாங்க. ஒரு பக்கம் பத்து கிலோபைட், ஆயிரம் திருத்தம் என்றாலும் பத்து மெகாபைட். வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு கல்யாண வீடியோவை விடக் கம்மி.

இந்த டிசைன் அவங்களுக்கும் முதல் நாளே வந்துடல. முன்னாடி தற்போதைய உரைக்கு ஒரு டேபிள், பழசுக்கு ஒரு டேபிள் என்று வெச்சிருந்தாங்க. பழைய டேபிளின் ஒவ்வொரு ரோவிலும் கட்டுரைத் தலைப்பு திரும்பத் திரும்ப இருந்தது. ஒரு கட்டுரைக்குப் பெயர் மாற்றினால் அத்தனை பழைய ரோவையும் தொடணும். 2005-ல் வந்த 1.5 பதிப்பில்தான் இப்போதைய பக்கம், திருத்தம், உரை என்ற பிரிப்பு வந்தது. நார்மலைசேஷன் யூனிட்டை மனப்பாடம் பண்ணிட்டு எக்ஸாம் ஹாலில் கொட்டிட்டு வர்றோமே, அது நிஜத்தில் எதுக்குன்னு கேட்டா இதுக்குத்தான். உள்ளூர் உதாரணம் வேணும்னா: 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசின் ஆணை வெளியானது, அதில் கோயம்புத்தூரும் உண்டு. சில நாளிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஊர் டேபிளில் பெயரை ஒரே இடத்தில் வெச்சு, மற்ற டேபிளெல்லாம் எண்ணால் மட்டும் அதைச் சுட்டியிருந்தா ரெண்டு அப்டேட்டோட வேலை முடியும். பெயரையே எல்லா ரோவிலும் எழுதி வெச்சிருந்தா, மாத்தி முடிக்கறதுக்குள்ள திரும்ப மாத்தச் சொல்லியிருப்பாங்க.

ரெண்டு பேர் ஒரே நேரத்தில்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கொஞ்சம் நின்னு படிங்க.

வாலாங்குளம் பக்கத்தின் கடைசித் திருத்தம் 41 என்று வைங்க. பேரூரிலிருந்து ஒரு அக்கா எடிட் திறக்கிறாங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு சூலூரிலிருந்து ஒரு அண்ணா அதே பக்கத்தைத் திறக்கிறார். ரெண்டு பேர் திரையிலும் இருப்பது 41-ன் உரை. அக்கா பறவைகள் பற்றி ஒரு பத்தி சேர்த்து சேவ் பண்றாங்க. அண்ணாவின் திரையில் அந்தப் பத்தி இல்லை. அவர் கரை பற்றி எழுதி சேவ் பண்ணினதும், அக்காவின் பத்தி இல்லாத உரை மேலே வந்து உட்காரும். எர்ரர் வராது. லாகில் ஒரு வரி இருக்காது. அக்கா சாயங்காலம் வந்து பார்த்து, "நான் எழுதினதை யாரோ அழிச்சுட்டாங்க" என்று மனசொடிஞ்சு போயிடுவாங்க. அடுத்த தடவை எழுத மாட்டாங்க. அண்ணா எதையும் அழிக்கலைங்க. அழிச்சது நம்ம கோடு.

டேபிளைப் பூட்டி வைக்கலாமே என்று தோணும். அண்ணா எடிட் திறந்து வெச்சுட்டு சாப்பிடப் போயிட்டா? பூட்டு அப்படியே கிடக்கும். வெப்பில் இது சரிப்படாது. மீடியாவிக்கி செய்வது இப்படி. எடிட் ஃபார்ம் திறக்கும்போதே, எந்தத் திருத்தத்திலிருந்து ஆரம்பிச்சோம் என்ற எண்ணை மறைவான ஒரு ஃபீல்டில் வைக்கும். இருவர் ஃபார்மிலும் 41. சேவ் அமுக்கினதும் ஒரு டிரான்சாக்ஷன் தொடங்குங்க. முதலில் திருத்தம் டேபிளில் புது ரோ இன்சர்ட். அக்காவுக்கு 42 என்று எண் கிடைக்கும். அடுத்து பக்கம் டேபிளில் அப்டேட்: கடைசித் திருத்தத்தை 42 ஆக்கு, ஆனால் இப்போது அது 41 ஆக இருந்தால் மட்டும். இந்த "இருந்தால் மட்டும்" அப்டேட்டின் வேர் கண்டிஷனிலேயே இருக்கணும். முன்னாடி ஒரு செலக்ட் போட்டு பிஎச்பியில் இஃப் வெச்சுச் சரிபார்த்தா, செலக்டுக்கும் அப்டேட்டுக்கும் நடுவில் இருக்கும் மில்லிசெகண்ட் இடுக்கில் இன்னொருத்தர் நுழைஞ்சுடுவார்.

அப்டேட் முடிஞ்சதும் எத்தனை ரோ மாறியதுன்னு கேளுங்க. அக்காவுக்கு 1 என்று வரும், கமிட். அண்ணாவுக்கு 43 என்று ரோ சேரும், ஆனா "41 ஆக இருந்தால்" என்ற கண்டிஷன் பொய், இப்போ அங்கே இருப்பது 42. மாறிய ரோ 0. உடனே ரோல்பேக். 43 என்ற எண் வீணாப் போகும், போகட்டும். ஆட்டோ இன்க்ரிமெண்டில் ஓட்டை விழுந்தா யாரும் சாகப் போறதில்லை.

ரோல்பேக் பண்ணிட்டு "எர்ரர், மறுபடி முயற்சிக்கவும்" என்று மட்டும் காட்டினா அண்ணா எழுதினதும் போச்சு. அவர் போஸ்ட் பண்ணின உரை உங்க கையில்தானே இருக்கு? அதை அப்படியே ஃபார்மில் திரும்பக் காட்டி, பக்கத்தில் 42-ன் உரையையும் காட்டுங்க. மறைவான எண்ணை 42 ஆக்குங்க. அவர் ரெண்டையும் பார்த்துச் சேர்த்து சேவ் பண்ணுவார். மீடியாவிக்கி இன்னும் ஒரு படி மேலே போய், இருவரும் வேறு வேறு பத்தியைத் தொட்டிருந்தா தானே இணைச்சுடும், முடியாதப்போதான் மனுஷனிடம் கேட்கும். நமக்கு மனுஷனிடம் கேட்பதே போதும்.

எண்பத்தஞ்சு

இப்போ தலைப்புக்கு வரலாம். தமிழில் எழுதுகிறவருக்கென்றே டேட்டாபேஸ் வைத்திருக்கும் சோதனை இது. இங்கிலீஷ் டுடோரியலில் இது சுத்தமா இருக்காது.

யூடிஎஃப் 8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ் யூனிகோடின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். "குறி" என்று சொல்றேன், எழுத்து என்று சொல்லல. ஏன்னா கோயம்புத்தூர் என்று நாம் படிப்பது கோ, ய, ம், பு, த், தூ, ர் என ஏழு எழுத்து. கம்ப்யூட்டருக்கு க தனி, ஓகாரக் குறி தனி, ம தனி, புள்ளி தனி. மொத்தம் 13 குறி, 39 பைட். பிஎச்பியில் எஸ்டிஆர்லென் கேட்டா 39 என்னும். எம்பி எஸ்டிஆர்லென் 13 என்னும். இன்ட்ல் எக்ஸ்டென்ஷனை ஆன் பண்ணி கிராஃபீம் எஸ்டிஆர்லென் கேட்டாத்தான் நம்ம தமிழ் டீச்சர் சொல்லித் தந்த 7 வரும். (ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரே குறி தரும் டேஸ் 16 என்ற முறையும் உண்டு. 2010 கோவை மாநாட்டுச் சமயத்தில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவிச்சப்போ அதையும் மாற்றாக ஏற்றது. வெப்பில் நிலைச்சது யூனிகோடுதான்.)

இதனால் என்ன ஆச்சுன்னு பாருங்க. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தத்தோடும் "என்ன மாற்றினேன், ஏன்" என்று சுருக்கக் குறிப்பு எழுதுவாங்க. அந்தக் காலத்தின் அளவு நெடுங்காலம் 255 பைட். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு 255 எழுத்து, ரெண்டு மூணு வாக்கியம். தமிழில் எழுதுகிறவருக்கு 255-ஐ மூன்றால் வகுங்க, 85 குறி. கோயம்புத்தூர் கணக்குப்படி கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஏறக்குறைய 45. "இந்தத் தகவல் தவறு, சான்று இல்லாததால் நீக்கினேன்" என்று எழுதுவதற்குள்ளேயே ஏறக்குறைய பாதி இடம் தீர்ந்துவிடும். யாரும் தமிழுக்கு எதிராக முடிவெடுக்கல. 255 என்ற எண்ணை ஆங்கிலம் எழுதுகிற யாரோ ஒருத்தர் டேபிள் டிசைனில் போட்டார், அவ்வளவுதான். ஒருவர் எழுதினதை நீக்கினவர் காரணத்தை முழுசாச் சொல்ல முடியாம, சண்டை வந்தா தீர்க்க முடியாம தமிழ், இந்தி, ரஷ்ய விக்கிகளெல்லாம் வருஷக்கணக்கா இருந்தன. 2018-ல்தான் குறிப்புகளைத் தனி டேபிளுக்கு மாற்றி, அளவை 500 குறி ஆக்கினாங்க. பைட்டை எண்ணாமல் குறியை எண்ணுகிறது. ஆங்கிலத்துக்கும் 500, தமிழுக்கும் 500.

கட்டுரைத் தலைப்புக்கு இன்னமும் 255 பைட்தான். அதிலும் தமிழுக்கு 85 குறி. தலைப்புக்கு அது போதும்னு விட்டுட்டாங்க போல, எனக்கென்னமோ அது நியாயமாப் படல.

உங்க ப்ராஜெக்டுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது: மைசீக்வெல்லில் வார்கேர் 255 என்றால் 255 குறி, வார்பைனரி 255 என்றால் 255 பைட். எதை எண்ணுகிறோம்னு தெரிஞ்சு எண்ணைப் போடுங்க. ஃபார்மில் "100 எழுத்துக்கு மிகாமல்" என்று எழுதினால் அந்த 100 யாருடைய எழுத்து என்று முடிவு பண்ணுங்க. வெட்டும்போது இன்னும் கவனம். சப்ஸ்ட்ரிங் ஃபங்ஷன் பைட்டை வெட்டும், கடைசி எழுத்து உடைஞ்சு கேள்விக்குறி போட்ட கட்டமா வரும். எம்பி சப்ஸ்ட்ரிங் குறியை வெட்டும், உடையாது, ஆனா புள்ளி போயிடும். கோயம்புத்தூரில் நாலு குறி எடுத்தா "கோயம" என்று நிற்கும். "பல்" என்பதில் ரெண்டு குறி எடுத்தா "பல". பல் டாக்டர் சைட்டின் தலைப்பு "பல" என்று நின்னா என்னங்க அர்த்தம்? கிராஃபீம் சப்ஸ்ட்ரிங்தான் நமக்கு ஆகும்.

இன்னொரு பொறி. "கோ" என்பதை க, ஓகாரக் குறி என ரெண்டு குறியாக எழுதலாம். க, ஏகாரக் கொம்பு, கால் என மூணாகவும் எழுதலாம். திரையில் ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியும், பைட்டில் வேறு. ஒருத்தர் ஒரு கீபோர்டில் "கோவை" என்று சேமிச்சு, இன்னொருத்தர் வேறு வழியில் வந்த "கோவை"யைத் தேடினால், பைட்டை பைட்டாக ஒப்பிடுகிற இடத்தில் எதுவும் கிடைக்காது. லாகின் பெயரில் இது நடந்தா, கண்ணுக்கு ஒரே பெயரில் ரெண்டு யூசர். மீடியாவிக்கி உள்ளே வரும் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். பிஎச்பியில் நார்மலைசர் என்ற கிளாஸ் இதைச் செய்யும், ஒரு வரி வேலை. போஸ்டில் வரும் உரைக்கெல்லாம் வாசலிலேயே இதைப் பண்ணிடுங்க.

கடைசியா கேரக்டர் செட். மைசீக்வெல்லில் பழைய யூடிஎஃப் 8 என்பது குறிக்கு மூணு பைட் வரைதான் தாங்கும். தமிழ் சரியா மூணு, அதனால் எல்லாம் நல்லாத்தான் ஓடும். யாராவது நடுவில் ஒரு சிரிப்பு எமோஜி போடும் வரைக்கும். எமோஜிக்கு நாலு பைட். செட்டிங்கைப் பொறுத்து எர்ரர் வரும், இல்லேன்னா எமோஜியிலிருந்து பின்னால் எழுதின எல்லாம் சத்தமில்லாம வெட்டுப்படும். எமோஜியை விடுங்க, பழைய நிலக் கணக்கில் வரும் முந்திரி, காணி போன்ற பின்னக் குறிகள் 2019-ல் யூனிகோடு 12-ல் சேர்ந்தன, அவையும் நாலு பைட். குளத்துப் பாசனக் கணக்கை யாராவது பழைய ஓலைப்படியே எழுதினா உங்க தளம் தாங்கணுமே. டேபிளிலும், பிடிஓ கனெக்ஷனிலும், ரெண்டு இடத்திலும் யூடிஎஃப்8எம்பி4 என்று போடுங்க. டேபிளில் போட்டுட்டு கனெக்ஷனில் விட்டுட்டா தமிழெல்லாம் வரிசையா கேள்விக்குறியா மாறிப்போக வாய்ப்பிருக்கு. அது ஒருமுறை சேமிச்சுட்டா திரும்ப வராதுங்க.

லைக், கவனிப்புப் பட்டியல், வியூ கவுண்ட்

லைக்குக்கு ஒரு டேபிள்: யூசர், பக்கம். ரெண்டையும் சேர்த்து யுனிக் கீ. "ஏற்கெனவே லைக் பண்ணியிருக்காரா" என்று பிஎச்பியில் பார்க்காதீங்க, மேலே சொன்ன அதே இடுக்கு இங்கேயும் உண்டு. நெட் ஸ்லோவா இருந்தா யாரா இருந்தாலும் பட்டனை நாலு தடவை அமுக்குவாங்க. யுனிக் கீ மூணைத் தடுத்துடும்.

கவனிப்புப் பட்டியலில் ஒரு அழகான ஐடியா இருக்கு. யார், எந்தத் தலைப்பு என்பதோடு நேரம் என்று ஒரு காலம். அது காலியா இருந்தா "கடைசியா நான் பார்த்ததுக்குப் பிறகு மாற்றமில்லை". யாராவது பக்கத்தைத் திருத்தினால், அதைக் கவனிப்பவர்களில் நேரம் காலியாக இருப்பவர்களுக்கு மட்டும் அந்த நேரம் நிரப்பப்படும், திருத்தினவரைத் தவிர. மெயிலும் அவங்களுக்கு மட்டும் போகும். அடுத்த பத்துத் திருத்தத்துக்கு அவங்களுக்கு மெயில் வராது, ஏன்னா நேரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கு. வந்து பக்கத்தைப் பார்த்ததும் மறுபடி காலி. ஒரே ஒரு காலம், அதுவே "படிக்காதது" என்ற அடையாளம், அதுவே மெயில் தொல்லைக்குப் பூட்டு. இதை உங்க ப்ராஜெக்டில் போட்டு வைவாவில் விளக்குங்க, எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

வியூ கவுண்ட் பற்றி ஒரே வரி: வேண்டாம். மீடியாவிக்கியின் பக்கம் டேபிளில் அதற்கும் ஒரு காலம் இருந்தது, 2015-ல் 1.25 பதிப்பில் தூக்கிட்டாங்க. ஒவ்வொருத்தர் படிக்கும்போதும் ஒரு அப்டேட் ஓடணும், கேஷிலிருந்து பக்கம் போனா எண்ணும் தப்பா வரும். படிக்கிறது எழுதுற வேலையா மாறக்கூடாது.

பாதுகாப்பு பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருப்பதால் வேகமாப் போறேன். குவெரியில் யூசர் உரையை ஒட்டாதீங்க, பிடிஓ ப்ரிப்பேர் பண்ணி மதிப்பைத் தனியா அனுப்புங்க. பழைய மைசீக்வெல் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7-லேயே போயாச்சு, சீனியர் கொடுத்த கோடில் அது இருந்தா அந்தக் கோடு நமக்கெல்லாம் அண்ணன். சேமிக்கும்போது உரையைச் சிதைக்காம அப்படியே சேமிங்க, திரையில் காட்டும்போது எச்டிஎம்எல் ஸ்பெஷல்கேர்ஸ் போடுங்க. பாஸ்வேர்டுக்கு பாஸ்வேர்ட் ஹேஷ், வேறெதுவும் யோசிக்க வேண்டாம். எடிட் ஃபார்மில் செஷனோடு பொருந்துகிற டோக்கன் ஒண்ணு மறைவாக இருக்கணும், இல்லேன்னா வேறு தளத்திலிருந்து உங்க யூசர் பெயரில் யாராவது போஸ்ட் பண்ண வெச்சுடுவாங்க. சேவ் ஆனதும் ரீடைரக்ட் பண்ணுங்க, ரீஃப்ரெஷ் அமுக்கினா ரெண்டாவது தடவை போகாது.

நிஜ டேபிளைத் தொட்டுப் பார்க்க

மீடியாவிக்கியை உங்க ஸாம்ப்பிலேயே இன்ஸ்டால் பண்ணி பிஎச்பிமைஅட்மினில் டேபிள்களைப் பார்க்கலாம். அதை விட ஜாலி, விக்கிமீடியாவின் குவாரி என்ற தளம். விக்கிப்பீடியா அக்கவுண்ட் போதும். தமிழ் விக்கியின் டேட்டாபேஸ் நகலில் நீங்களே செலக்ட் எழுதி ஓட்டலாம். யூசர்களின் பாஸ்வேர்ட், யார் எதைக் கவனிக்கிறாங்க போன்ற தனிப்பட்டதெல்லாம் அதில் இருக்காது. பக்கம், திருத்தம் டேபிள்கள் இருக்கும்.

முதல் வேலையா இதைப் பண்ணுங்க. கோயம்புத்தூர் கட்டுரையின் பக்க எண்ணை எடுத்து, அதன் முதல் திருத்தம் எந்த வருஷம் என்று பாருங்க. பிறகு பக்கம் டேபிளில் கட்டுரைகளின் பெயர்வெளியை மட்டும் எடுத்து, தலைப்பின் நீளத்தை லெங்த் ஃபங்ஷனால் அளந்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்க. அந்தக் காலம் பைனரி என்பதால் வருவது பைட் கணக்கு. முதல் இருபது தலைப்பில் எத்தனை 255-ஐ ஒட்டி நிற்குதுன்னு பாருங்க. தலைப்பு பாதியில் சுருங்கியிருக்கா, எதையாவது விட்டு எழுதியிருக்காங்களான்னும் பாருங்க.

அப்புறம் உங்க சொந்த ப்ராஜெக்டுக்கு வாங்க. க்ரோமில் ஒரு லாகின், ஃபயர்ஃபாக்ஸில் இன்னொரு லாகின். ரெண்டிலும் ஒரே பக்கத்தை எடிட்டில் திறங்க. முதலில் இதில் சேவ், பிறகு அதில் சேவ். ரெண்டாவது ஆள் எழுதினதும் திரையில் நிற்கணும், முதல் ஆள் எழுதினதும் நிற்கணும். கமெண்டில் "கோயம்புத்தூர்" எழுதி நடுவில் ஒரு எமோஜி போட்டு, அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் எழுதி, திரும்பத் திறந்து பாருங்க. ஊர்ப் பெயரை மட்டும் எழுத்து எண்ணச் சொல்லுங்க. 7 வந்தா ரிவ்யூவுக்குப் போகலாம்.